அகதியும் ஆண்டவன் நிலமும்

அகதிகளைப் பற்றி நம் பக்கத்து ஜனங்களிடையே இரண்டு விதமான பேச்சு நடந்து வருகிறது. ஒன்று, "பாவம், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள், அவர்கள் தலையெழுத்து அப்படி, நம்மாலான தர்மத்தைச் செய்வோம்" என்பது. மற்றொன்று, "நம் பிள்ளைகளுக்கே வழியைக் காணோம், வந்தவர்களுக்கு வீடு என்ன, அரிசி என்ன, மாதப் பணம் என்ன?" என்பது. முதல் பேச்சு கோவில் வாசலிலும், இரண்டாவது பேச்சு டீக்கடை பெஞ்சியிலும் பிறக்கிறது. பழங்காநத்தத்தில் இரண்டையும் ஒரே நாளில், சில சமயம் ஒரே வாயிலிருந்துகூடக் கேட்கலாம். இவை ஒன்றுக்கொன்று விரோதமானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளேயாகும். பசிக்கிறவன் ஏன் பசிக்கிறான் என்று கேட்காமல் விட்டுவிடுவதே அந்த வயிறு. அந்தக் கேள்வியைக் கேட்பதே நமது வேலையாகையால் அதைப்பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

தலையெழுத்தை எழுதியது யார்?

மதுரை ஜில்லாவில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுதும் இவை போல் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் உண்டு. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவற்றில் இருந்தவர்கள் சுமார் 19 ஆயிரம் குடும்பங்கள், 58 ஆயிரத்துச் சொச்சம் ஜனங்கள். 1983-இல் முதல் படகு வந்த காலத்தில் கைக்குழந்தையாய் இருந்தவனுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே படித்து, முகாமிலேயே கல்யாணம் செய்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைக்கும் "அகதி" என்றுதான் பெயர். இலங்கையை அது படத்தில்தான் பார்த்திருக்கும்.

இதைத் தலையெழுத்து என்கிறார்கள். தலையெழுத்து என்றால் அதை எழுதியவன் ஒருவன் இருக்க வேண்டுமல்லவா? அவனைத் தேடிப் பார்ப்போம். இந்த முகாம்களில் இருப்பவர்களில் ஒரு கணிசமான பகுதியார் மலையகத் தமிழர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் வெள்ளைக்காரன் காலத்தில் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் ஜாதிக் கொடுமைக்கும் தப்பித்துக் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்திற்கும், பிறகு தேயிலைத் தோட்டத்திற்கும் போனவர்கள். அங்கே காட்டை வெட்டி, அட்டைக்கு இரத்தத்தைக் கொடுத்து, அந்தத் தீவுக்குப் பணம் காய்க்கும் மரத்தை நட்டவர்கள் இவர்களே. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றவுடன் முதற்காரியமாக ஒரு குடியுரிமைச் சட்டம் செய்து, ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இந்த உழைப்பாளிகளை ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கினார்கள். 1964-இல் லால்பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கூடி உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதியிருந்த 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். சந்தையில் ஆட்டுக்குட்டி பங்கு போடுகிறவன்கூட அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கோ எண்ணிக்கையைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

அதற்குப் பின் 1977-இல் கலவரம். 1983 ஜூலையில் அதைவிடப் பெரிய கலவரம். பிறகு 2009 வரை யுத்தம். ஆக, இவர்கள் தலையில் எழுதியவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு. பிரம்மாதான் எழுதினான் என்று பிடிவாதம் செய்கிறவர்களை நாம் கேட்பது, அவன் கொழும்புப் பார்லிமெண்டில் எந்தத் தொகுதி மெம்பர் என்பதுதான். மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம். ஆண்டவன் எழுதினான் என்று சொல்லிவிட்டால் அழிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. தலைவிதியைக் கண்டுபிடித்தவனுடைய சாமர்த்தியமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

நிலம் கொடுத்தால் என்ன ஆகும்?

"அகதிக்கு நிலத்தைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவான்" என்பாரும் உண்டு. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட கூலிக் குடும்பங்கள் வவுனியாப் பக்கத்து வறண்ட பூமிக்கு வந்து சேர்ந்தபோது, டேவிட் என்ற கட்டடக்கலை நிபுணரும், இராஜசுந்தரம் என்ற வைத்தியரும் "காந்தியம்" என்ற ஓர் ஸ்தாபனத்தின் மூலம் அவர்களை அங்கே குடியமர்த்தினார்கள். தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறொன்றையும் கிள்ளியறியாத கைகள் அங்கே காடு திருத்திப் பயிர் செய்தன. ஏற்கனவே அங்கிருந்த தமிழ்க் குடியானவர்களுக்குப் பக்கத்திலேயே இவர்களும் குடியானவர்களானார்கள். அந்த முயற்சி எப்படி முடிந்தது? நிலம் பாழானதால் முடியவில்லை. 1983-இல் அவ்விருவரையும் சர்க்கார் சிறையிலடைத்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் டாக்டர் இராஜசுந்தரம் மாண்டார். பயிர் செய்தவன் தோற்கவில்லை. பயிர் செய்ய விட்டதைப் பொறுக்காதவர்கள் ஜெயித்தார்கள். அகதி உழைப்பானா என்ற சந்தேகத்திற்கு இதைவிட வேறு சமாதானம் வேண்டியதில்லை.

சத்திரம் அல்லதான்!

நம் நாட்டிற்கு வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? செய்யவில்லை என்று சொல்லுவது நன்றி கெட்ட பேச்சாகும். கிலோ 57 பைசாவுக்கு அரிசி கொடுத்த காலம் உண்டு. 2021-இல் தமிழ்நாட்டு சர்க்கார் "அகதிகள் முகாம்" என்ற பெயரையே எடுத்துவிட்டு "மறுவாழ்வு முகாம்" என்று வைத்தது. 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டு, இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாய்க் கட்டித் தருவதாக அறிவித்தது. மாத உதவித் தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும், பிள்ளைகளுக்கு 400-லிருந்து 500 ஆகவும் உயர்த்தியது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். இவ்வளவு காலம் இவ்வளவு பேரைத் தாங்கியது சிறிய காரியமல்ல.

ஆனாலும் ஒன்று கேட்கிறோம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் பருப்பு வாங்குவதா, எண்ணெய் வாங்குவதா, மருந்து வாங்குவதா? அரிசி மட்டும் இருந்தால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. இதற்காகவே முகாமிலிருக்கும் ஆண்பிள்ளைகள் பெயிண்ட் அடிக்கவும், கட்டட வேலைக்கும், களை வெட்டவும் போகிறார்கள். அப்படிப் போகிறவனுக்கு நிரந்தர வேலை கிடையாது. பட்டம் பெற்ற பிள்ளைக்கும் சர்க்கார் உத்தியோகம் கிடையாது. நிலம் வாங்கப் பாத்தியதை கிடையாது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் எந்த வேலையிலிருந்தாலும் ஓடி வந்து நிற்க வேண்டும். கையையும் காலையும் கட்டிப்போட்டு வாயில் சோற்றை ஊட்டிவிட்டு, "பார், எவ்வளவு சோம்பேறி" என்று சொல்வது நியாயமாகுமா?

இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்ற கருத்து 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில், ஓர் இலங்கைத் தமிழருடைய வழக்கிலேயே சொல்லப்பட்டது. அநேகர் அதைக் கேட்டு வருத்தப்பட்டார்கள். நாம் வருத்தப்படவில்லை. நாமும் அதையேதான் சொல்லுகிறோம். இந்த நாடு சத்திரமாய் இருக்க வேண்டாம்; அகதியும் சத்திரச் சோறு தின்ன வேண்டாம். சத்திரம் என்பதே, உழைக்க வழியில்லாமல் செய்துவிட்டு, அந்தப் பாவத்தைக் கழுவ ஒரு வேளைச் சோறு போட்டுப் புண்ணியம் தேடுகிறவன் கட்டியதாகும். தர்மம் வாங்குகிறவன் கை தாழ்ந்தே இருக்கும். அது தாழ்ந்தே இருக்க வேண்டுமென்பதுதான் தர்மவானுடைய ஆசை. சுயமரியாதைக்காரன் கேட்பது அதுவல்ல. சத்திரத்தை மூடு, வயலைத் திற என்பதே நம் கோரிக்கை.

இந்துக்களில் சேராத இந்துக்கள்

இந்த இடத்தில் மற்றொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் மத்திய சர்க்கார் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வழி செய்தது. முஸ்லிம்களை விட்டது அக்கிரமம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஈழத்து இந்துவும் அதில் இல்லையே! உலக இந்துக்களுக்கெல்லாம் நாங்களே காவல் என்று மார் தட்டுகிறவர்களுடைய கணக்கில், விபூதி பூசி, முருகனைக் கும்பிட்டு, காவடி எடுக்கும் இந்தத் தமிழன் எந்த மதம்? நாம் அவனை மதத்திற்காக ஆதரிக்கவில்லை. மனிதன் என்பதற்காக ஆதரிக்கிறோம். மதத்திற்காக ஆதரிக்கிறோம் என்கிறவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்பதே கேள்வி. மதம் என்பது ஓட்டு வாங்குகிற இடத்தில் உறவு, சோறு போடுகிற இடத்தில் அந்நியம் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

2025 செப்டம்பரில் அதே சர்க்கார், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லையென்று தண்டிப்பதில்லை என்று உத்தரவு போட்டது. அதாவது "நீ குற்றவாளி அல்ல" என்று சொல்லிற்று. "நீ குடிமகன்" என்று சொல்லவில்லை.

உள்ளூர்க் குடியானவன் பாடு

இனி டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். "நமக்கே இல்லையே" என்கிறவன் பொய் சொல்லவில்லை. அவன் பாட்டையும் கவனிக்காமல் அகதிக்குப் பரிந்து பேசுவது யோக்கியமாகாது.

1895-இல் பென்னி குக் துரை பெரியாற்றைத் திருப்பிவிட்ட பிறகுதான் நமது மதுரைச் சீமை வயிறு நிறையச் சோறு கண்டது. அந்தத் தண்ணீரிலும் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் உள்ள சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குத்தான் இரு போகம். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பக்கங்களில் 1 லட்சத்து 5 ஆயிரம் ஏக்கருக்கு ஒரு போகமே. அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அதற்கும் வெளியே உள்ளவன் வானத்தைப் பார்த்து விதைக்கிறவன். திருவாதவூர் மேலூர்ப் பக்கம். உச்சப்பட்டி திருமங்கலத்துப் பக்கம். தண்ணீர் எங்கே குறையுமோ அங்கேதான் அகதிகளும் இருக்கிறார்கள். குறைந்த தண்ணீரைக் குடிக்கிறவனும் கூடுதல் வாயைக் கண்டு பயப்படுகிறவனும் ஒரே ஊர்க்காரன் என்றால் பயப்படாமல் என்ன செய்வான்?

நகரத்தையொட்டியவன் கதை வேறு. மாடக்குளம் கண்மாயை அடுத்த வயல்கள் மனைகளானதையும், பழங்காநத்தத்தில் நாற்று நட்டவர்களுடைய பேரன்மார் இன்று காவல்காரனாகவும், மூட்டை தூக்குகிறவனாகவும், கடைச் சிப்பந்தியாகவும் இருப்பதையும் நாம் பார்க்கிறோம். நிலத்தை விற்றவன் பணம் கல்யாணத்திலும் காதுகுத்திலும் கும்பாபிஷேகத்திலும் கரைந்தது. நிலமே இல்லாமல் கூலிக்கு நட்ட ஆதிதிராவிடத் தோழருக்கோ அந்தப் பணமும் இல்லை. வயல் போனதோடு கூலியும் போயிற்று.

இப்படிப்பட்டவனிடம் போய், "உன் கூலியைக் குறைக்கிறவன் அகதி" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறவன் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கூலி கொடுக்கிறவனே! காகிதமில்லாதவன் கோர்ட்டுக்குப் போகமாட்டான், சங்கத்தில் சேரமாட்டான், கொடுத்ததை வாங்கிக் கொள்வான் என்று தெரிந்து, அவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வது முதலாளி. பிறகு உள்ளூரானிடம், "அவன் அதற்கே வருகிறான், உனக்கென்ன?" என்று கேட்பதும் அதே முதலாளி. அகதியின் உரிமையில்லாமைதான் உள்ளூரான் கூலியை இழுக்கும் கயிறு. ஆகவே அகதிக்கு உரிமை கேட்பது அகதிக்காக மட்டுமல்ல. உள்ளூர்க் கூலிக்காரன் தன் கூலியைக் காப்பாற்றிக் கொள்ளவும் அதுவே வழியாகும். இதை உணராமல் இருவரும் அடித்துக்கொண்டால் லாபம் மூன்றாமவனுக்கே.

கல்லுக்குப் பட்டா உண்டு!

"சரி, இருவருக்கும் கொடுக்க நிலம் எங்கே?" என்று கேட்பீர்கள். நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழுள்ள கோவில்களுக்கும் மடங்களுக்கும் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் உண்டு. அதில் ஒரு பகுதி பெரிய மனிதர்கள் கையில் அற்பக் குத்தகைக்கு இருக்கிறது. ஒரு பகுதி ஆக்கிரமிப்பில் இருக்கிறது. ஒரு பகுதி கருவேல முள் மண்டிக் கிடக்கிறது.

1925-இல் ஈரோட்டில் பெரியார் "குடி அரசு" பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில், கோவில் விக்கிரகம் சட்டத்தின் முன் ஓர் ஆள் போன்றது என்ற கொள்கையை ஒரு வழக்கில் உறுதி செய்தது. அந்த ஆளுக்குச் சொத்து இருக்கலாம், வழக்குப் போடலாம். பசி எடுக்காத, வியர்வை சிந்தாத, ஏர் பிடிக்காத ஆளுக்குப் பட்டா! பசியெடுக்கும், வியர்வை சிந்தும், ஏர் பிடிக்கத் தயாராயிருக்கும் ஆளுக்குப் பட்டா இல்லை! கல் இந்த நாட்டுப் பிரஜையாம், மனிதன் அந்நியனாம். இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது?

உடனே பக்தர்கள் பதற வேண்டாம். கோவில் நிலத்தைப் பிடுங்கிக்கொள் என்று இங்கே நாம் சொல்ல வரவில்லை. அது பெரிய விவகாரம். அதற்கு வேறு காலம் உண்டு. இன்றுள்ள சட்டத்தைக்கொண்டே செய்யக்கூடியதைச் சொல்லுகிறோம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி கோவில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதானால்தான் கமிஷனருடைய விசேஷ அனுமதி வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் பாங்கியின் முன் அனுமதியின்றி இங்கே ஸ்தாவர சொத்து வாங்கக்கூடாது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு சட்டங்களும் வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு நோக்கத்தோடு எழுதியவை. இரண்டும் "ஐந்து ஆண்டு" என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வாசல் திறந்தே கிடக்கிறது. உள்ளே போகச் சொல்ல வாய்தான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஏக்கர் ஒரு குடும்பத்தைப் பணக்காரனாக்காது. ஆனால் கீரையும் காயும் பாலும் முட்டையும் கடனில்லாமல் வீட்டுக்கு வரச் செய்யும். முகாம்களிலுள்ள 19 ஆயிரம் குடும்பங்களுக்கும், அவர்களோடு சமமாக உள்ளூர் நிலமற்ற குடும்பங்கள் 19 ஆயிரத்துக்கும் அரை ஏக்கர் வீதம் கொடுத்தால் ஆகும் நிலம் 19 ஆயிரம் ஏக்கர். கடவுள்களுடைய மொத்த நிலத்தில் இது நூற்றுக்கு நாலு பங்கே. முகாமிலுள்ள எல்லோரும் உழவுக்கு வரமாட்டார்கள். பட்டணத்தில் தொழில் கற்றவர்கள் அதிலேயே இருப்பார்கள். ஆகையால் நாலு பங்குகூட ஆகாது. நூற்றில் தொண்ணூற்றாறு பங்கை வைத்துக்கொண்டும் ஒரு கடவுளுக்கு நைவேத்தியம் போதவில்லையென்றால், அவருக்குப் பசி அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

குத்தகையும் சும்மா வேண்டாம். நியாயமான குத்தகையை அளந்து கொடுக்கட்டும். முள் மண்டிக் கிடக்கும் நிலத்திலிருந்து இன்று கோவிலுக்கு ஒரு மரக்கால் நெல்லும் வரவில்லை, நாளை வரும். ஏலத்தில் விட்டால் பணக்காரன் பினாமி பெயரில் எடுப்பான் என்பதால், முகாம்காரர் பாதி, உள்ளூர் நிலமற்றவர் பாதி சேர்ந்த குழுக்களுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி சர்க்கார் விதி செய்ய வேண்டும். குழுவில் பெண்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் "அகதிக்குக் கொடுத்தான், எனக்கில்லை" என்பான். சேர்த்துக் கொடுத்தால் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே களம். தண்ணீர் முறைக்குச் சண்டை வரும், வரட்டும். ஒரே வாய்க்காலுக்குச் சண்டை போடுகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

விளைவதை விற்கவும் வழி வேண்டும். 1999 நவம்பரில் உழவர் சந்தைத் திட்டம் முதன்முதல் தொடங்கியதே நமது மதுரையில்தான். இன்று பழங்காநத்தத்திலும் உழவர் சந்தை உண்டு. முகாம் இருக்கிற ஆனையூரிலும் உண்டு. அதில் தராசு பிடிக்க வேண்டுமானால் நிலமும் பயிரும் பார்த்துக் கொடுக்கும் உழவர் அட்டை வேண்டும். நிலம் தன் பெயரில் இல்லாதவன் வாசலுக்கு வெளியே தரகனுக்கு விற்க வேண்டியதுதான். இது அகதிக்கு மட்டுமல்ல, வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் நம் உள்ளூர்த் தோழருக்கும் உள்ள கஷ்டமே. கூட்டுக் குத்தகைக் குழுவுக்கு ஓர் அட்டை கொடுத்துவிட்டால் இருவர் கஷ்டமும் ஒரே கையெழுத்தில் தீரும். எதைப் பயிரிடுவதென்றால், முதலில் வயிற்றுக்கு, பிறகு சந்தைக்கு என்போம். தண்ணீர் உள்ள இடத்தில் கீரை, கத்தரி, வெண்டை, இல்லாத இடத்தில் நம் பக்கத்து மானாவாரிக்குப் பழகிய குதிரைவாலி, வரப்பில் முருங்கை, கொட்டிலில் ஒரு கறவை. மல்லிகை காசு தரும் பயிர்தான். ஆனால் முகூர்த்தத்துக்கு ஏறி மறுநாள் இறங்கும் விலையை நம்பி அரை ஏக்கர்க்காரன் முழுவதையும் மல்லிகையாக்கக் கூடாது.

வெளிநாட்டைப் பாருங்கள்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு தேசம் இருக்கிறது. நம்மைவிட ஏழை நாடு. 1972-இல் இடி அமீன் என்பவன் இந்தியர்களை மூட்டை முடிச்சோடு விரட்டியதும் அங்கேதான். அதே நாடு 2006-இல் ஒரு சட்டம் செய்து, அகதி வேலை செய்யலாம், ஊர் விட்டு ஊர் போகலாம் என்று எழுதி வைத்தது. குடியிருப்புகளில் பயிர் செய்யத் துண்டு நிலமும் கொடுக்கிறது. 15 லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளை அது வைத்துக்கொண்டிருக்கிறது. அகதிகளுக்கென்று வரும் உதவியில் நூற்றுக்கு முப்பது பங்கு உள்ளூர் ஜனங்களுக்குப் போய்ச் சேரவேண்டுமென்பதும் அங்கே ஒரு கொள்கை. பள்ளிக்கூடம் கட்டினால் இரு பிள்ளைகளுக்கும். கிணறு வெட்டினால் இரு குடத்துக்கும். அங்கே எல்லாம் சரியாய் இருக்கிறதென்று சொல்ல வரவில்லை. ஜனங்கள் பெருகப் பெருக நிலத் துண்டு சிறுத்துவிட்டது. வெளிநாட்டார் உதவி குறைந்தபோது ரேஷனும் குறைந்தது. ஆனால் விரட்டியடித்த நாடு அரவணைக்கக் கற்றுக் கொண்டது. யாதும் ஊரே என்று மேடைக்கு மேடை பேசுகிற நாம் ஏன் கற்றுக் கொள்ளக்கூடாது?

அவ்வளவு தூரம் போவானேன்? 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். அன்று அதைப் பரிகாசம் செய்தவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் அதே வழியில் காலைச் சிற்றுண்டித் திட்டம் நமது மதுரையில் தொடங்கியது. அந்த வரிசையில் முகாம் பிள்ளையும் ஊர்ப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறார்கள். எந்தப் பிள்ளையும் மற்றதைப் பார்த்து "நீ ஏன் என் உப்புமாவைத் தின்கிறாய்" என்று கேட்பதில்லை. ஏனென்றால் இருவர் தட்டிலும் விழுகிறது. தட்டு ஒன்றானால் சண்டை இல்லை என்கிற இந்தப் பால பாடத்தைப் பெரியவர்கள் விஷயத்திலும் செய்து பார்க்கத்தான் சொல்லுகிறோம்.

தோழர்களுக்கு

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சொன்னோம். சுயமரியாதைக்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு.

முதலாவது, "அகதி" என்ற சொல்லை வசையாகப் பேசுவதை நம் வீடுகளிலிருந்து ஒழிக்க வேண்டும். கதியற்றவன் அகதி, கதியை எடுத்துக்கொண்டவனுக்குத்தான் அது வசை. இரண்டாவது, முகாமிலும் ஜாதி உண்டு என்பதை மறைக்காமல் பேச வேண்டும். கடல் தாண்டிப் போன ஜாதி, கடல் தாண்டித் திரும்பியும் வந்திருக்கிறது. வீட்டையும் ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இதை மட்டும் ஏன் தலையில் சுமந்து வந்தார்கள்? ஊர்க்காரனும் முகாம்காரனும் கலந்து உண்பதும், மனமொத்தவர்கள் சுயமரியாதைக் கல்யாணம் செய்து கொள்வதும் நம் இயக்கம் நடத்திக்காட்ட வேண்டிய காரியங்கள். மூன்றாவது, கூலி விஷயத்தில் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று ஊர் ஊராய்ப் பேச வேண்டும். முகாம்காரனுக்குக் குறைத்துக் கொடுக்கும் இடத்தில் ஊர்க்காரனே முதலில் கேட்க வேண்டும். அது அவன் கூலியும்தான். நான்காவது, அந்தந்த ஊர்க் கோவில் நிலம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது, எவ்வளவு குத்தகை, எவ்வளவு தரிசு என்பதை விசாரித்து ஜாபிதா எழுதுங்கள். கடவுளைப் பற்றி விவாதம் செய்தால் பக்தன் காதைப் பொத்திக்கொள்வான். கடவுள் பெயரால் யார் சாப்பிடுகிறான் என்ற கணக்கைப் படித்தால் பக்தனும் கிட்டவந்து கேட்பான்.

அகதிக்குக் குடியுரிமை வர வேண்டும். அதற்காக வாதாட வேண்டும். ஆனால் டில்லிக்காரர் மனம் மாறுகிற வரைக்கும் வயிறு காத்திருக்காது. ஐந்து ஆண்டுக் குத்தகையும், ஓர் உழவர் அட்டையும், சம கூலியும் டில்லியைக் கேட்டு வரவேண்டியவை அல்ல. சென்னை மனம் வைத்தால் போதும். சென்னையை மனம் வைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.

வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் சண்டை மூட்டி வைத்துவிட்டு, நடுவில் நிலம் தரிசாய்க் கிடக்கிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் என்கிற சாமிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதென்ன இருக்கிறது? ஒருவன் பிறந்த ஊர் எது என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, அவன் பயிர் செய்த வயல் எது என்று கேட்கும் காலம் வரட்டும். அன்றைக்கு முகாமும் இருக்காது, சத்திரமும் இருக்காது.

— ஒரு சுயமரியாதைக்காரன், பழங்காநத்தம்